ஆயில் மூடிக்குள் பாலாடை

பேகம்பூர், திண்டுக்கல்
4 செப்டம்பர் 2024

அன்புத் தம்பி ரஃபீக்குக்கு,

அக்கா மெஹராஜின் ஸலாம். இங்கே நான், உன் மச்சான், ருக்ஸார், அம்மா எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். சலாலாவில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. நீ கூப்பிட்டால் நம் வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்தின் நடுவில் வைத்துவிடுவார்கள். வாட்ஸப்பில் எழுதினால் என் மகள் அதை வீடே கேட்கும்படி படிப்பாள். இதுவோ உன் மச்சான் காதில் விழ வேண்டாத விஷயம். "தம்பிகிட்ட வண்டியப் பத்திக் கோள் சொல்றியா" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

அம்மாவை மாதாமாதம் மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதற்காக நீ லீவில் வந்தபோது வாங்கி விட்டுப் போனாயே பழைய ஹைபிரிட் கார், அதைப் பற்றித்தான். நீ சொல்லிக் கொடுத்தபடி ஆயில் பார்க்கலாம் என்று மூடியைத் திறந்தேன். சீ! மூடிக்குள் மஞ்சளும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டியிருக்கிறது. குழந்தை கக்கிய பால் காய்ந்த மாதிரி. விரலில் பட்டது, இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் அன்று என்னால் சோற்றைப் பிசைய முடியவில்லை.

நாகல் நகர் ஒர்க்‌ஷாப் அன்புமணியிடம் காட்டினேன். "ரெண்டு லட்சம் ஓடுன வண்டிக்கா, கெட்டி ஆயில் ஊத்துனாத்தான் என்ஜின் தாங்கும்" என்கிறார். உன் மச்சான் எந்த ஆயிலானால் என்ன என்கிறார். நீ சொல், எதை ஊற்றட்டும்?

அம்மா உனக்குத் துஆ சொன்னார்கள்.

உன் அக்கா,
மெஹராஜ்


சலாலா
25 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது, வ அலைக்குமுஸ் ஸலாம். நான் நலம், வேலைதான் முதுகை உடைக்கிறது. அம்மா, மச்சான், ருக்ஸார் நலமறிய ஆவல்.

கெட்டி ஆயில் ஊற்றச் சொன்ன வாயில் அதையே ஊற்ற வேண்டும். பழைய வண்டி என்றால் கூழ் மாதிரி எதையாவது ஊற்றிவிடுவது நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளைப் பிடித்த சீக்கு. கேள். இந்த வண்டியில் என்ஜின் பாதி நேரம் தூங்கும். பேட்டரியில் ஓடும்போது நின்றுவிடும், தேவைப்பட்டால் எழும். ருக்ஸாரைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பினால் என்ஜின் சூடு ஏறுவதற்குள் வீடு வந்துவிடும். உள்ளே வேர்க்கிற தண்ணீர் ஆவியாகிப் போக வழியில்லாமல் ஆயிலோடு கலந்து ஆடை கட்டுகிறது. நீ பார்த்த பாலாடை அதுதான். குளிர்ந்த என்ஜினில் சட்டென்று ஓட வேண்டிய ஆயிலைப் போய்க் கெட்டியாக ஊற்றினால் அது மேலே ஏறுவதற்குள் உள்ளே எல்லாம் தேய்ந்துவிடும்.

0W-20 என்று டப்பாவில் போட்டிருக்கும், முழு சிந்தெடிக். அதைத்தான் வாங்கு. கிலோமீட்டர் கணக்குப் பார்க்காதே, ஐந்து மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடு. இன்னொன்று, ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்று பார். குறைந்தால் வேறு வியாதி. குறையாவிட்டால் பயமில்லை. மாதத்துக்கு ஒருமுறை மதுரை வரை போய் வந்தாலே என்ஜின் நன்றாகக் கொதித்து ஆடையெல்லாம் போய்விடும்.

போன வெள்ளி வீடியோவில் அம்மா என்னைப் பார்க்காமல் பக்கத்துச் சுவரைப் பார்த்தே பேசினார்கள். ருக்ஸாரைப் போனைச் சரியாகப் பிடிக்கச் சொல்.

இப்படிக்கு உன் தம்பி,
ரஃபீக்


பேகம்பூர்
20 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு ஸலாம்.

நாங்கள் நலம், நீயும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். மழை பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் சாக்கடை.

நீ சொன்ன ஆயிலே ஊற்றியாகிவிட்டது. அன்புமணி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, தண்ணி மாதிரி இருக்கு" என்று சிரித்தார். பழைய ஆயிலை வடித்தபோது நான் பக்கத்தில் நின்றேன். நிற்காமல் இருந்திருக்கலாம். கறுப்பாக, அடியில் சளி சளியாக வந்தது, பெட்ரோல் நெடி வேறு. ஊற்றிய அளவைவிடக் கூடுதலாக இருந்ததாம். வண்டி ஆயில் குடிக்கும் என்று கேட்டிருக்கிறேன், இது உள்ளே ஊற வைக்கிறது! ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை.

போன வியாழன் மதுரை போய் வந்தோம். அம்மா நலம்.

வீட்டுக்குள் நுழைந்தால் ஒரே வாடையாக இருக்கிறது. மழைக்காலத்தில் அப்படித்தான்.

உன் அக்கா,
மெஹராஜ்


சலாலா
8 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நான் நலம். எல்லோருடைய நலனையும் எழுது.

ஆயில் கூடியிருந்தது என்று எழுதினாய், அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. குளிர்ந்த என்ஜினில் எரியாத பெட்ரோல் வழிந்து ஆயிலில் இறங்குகிறது. ஒரு வண்டியை ஒரு நாளைக்குப் பத்து முறை கிளப்பி, பத்து முறை உடனே நிறுத்தினால்தான் இவ்வளவு சேரும். ருக்ஸாரின் பள்ளிக்கூடத்துக்கு இத்தனை தடவையா போகிறாய்?

ஒன்று செய். அடுத்த முறை மதுரையிலிருந்து திரும்பியவுடன், என்ஜின் ஆறியதும் மூடியைத் திறந்து பார்த்து எழுது. கிலோமீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்பதையும் எழுது. புது ஆயிலும் கெட்டுப் போனால் அந்த என்ஜின் எனக்கு வேண்டாம், எடைக்குப் போட்டுவிடலாம்.

அம்மாவுக்குக் கண்ணில் ஊசி போட்டபோது டாக்டர் என்ன சொன்னார் என்று நீ எழுதவில்லை. அதையும் எழுது.

தம்பி,
ரஃபீக்


பேகம்பூர்
6 டிசம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். பதில் தாமதம், மன்னித்துக்கொள். ருக்ஸாருக்குக் காய்ச்சல், இப்போது தேவலை. மற்றவர்கள் நலம்.

மதுரையிலிருந்து வந்ததும் மூடியைத் திறந்து பார்த்தேன். முன்பைவிடக் கெட்டியாகவே இருக்கிறது. கிலோமீட்டரைப் பார்க்க மறந்துவிட்டேன்.

இப்போது புதிதாக ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. அன்புமணி பின்சீட்டின் ஓரத்தில் இருக்கும் ஜன்னல் மாதிரியான தட்டியைக் கழற்றினார். அது பேட்டரிக்குக் காற்று போகிற வழியாமே. உள்ளே கையைவிட்டு இழுத்தார். செத்த பெருச்சாளியை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி ஒரு மயிர்க்கற்றை வந்தது, ரஃபீக். ஆட்டு மயிர். ஈரமாக, உப்புப் பூத்து, கொழுப்பு ஒட்டி. அன்புமணியே மூக்கைத் திருப்பிக்கொண்டார். நான் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

உன் மச்சான் இரண்டொரு முறை கறிக்கடையிலிருந்து தோல் ஏற்றி வந்தார். அவர் தோல் மண்டிக்கு இருந்த மினி வேன் விற்றுப்போனது உனக்குத் தெரியும்தானே.

அம்மா நலம்.

மெஹராஜ்


சலாலா
18 டிசம்பர் 2024

அக்கா,

ஸலாம். இந்தக் கடிதத்தை என்னோடு வேலை பார்க்கும் அயாஸ் ஊருக்குக் கொண்டு வருகிறான். அவனுக்கு ஒரு டீ கொடு. வண்டியில் மட்டும் ஏற்றிவிடாதே, அவனாவது நல்ல சட்டையோடு வீடு போய்ச் சேரட்டும்.

இரண்டொரு முறையா? இரண்டொரு முறை ஏற்றினால் காற்றுவழி அடைக்குமா? உப்புத் தோல்! கறிக்கடை வாசலில் நிறுத்தி, ஏற்றி, மண்டியில் இறக்கி, மறுபடி அடுத்த கடை. அதுதான் அந்தப் பத்துத் தடவை. நான் இங்கே வெயிலில் வெந்து வாங்கிய வண்டியில், என் அம்மா உட்கார வேண்டிய சீட்டில், ரத்தம் சொட்டுகிற தோல். மச்சானுக்கு ரோஷம் என்று ஒன்று இருக்கிறதா?

அதைக்கூட விடு. மதுரையிலிருந்து திரும்பியவுடன் பார்த்தேன், முன்பைவிடக் கெட்டியாக இருந்தது என்று எழுதியிருக்கிறாய். போக வரப் பெரிய சாலையில் அவ்வளவு தூரம் ஓடிய என்ஜினில் அந்த ஆடை நிற்காது. நிற்கவே நிற்காது. நான் இருபது வருஷமாக என்ஜின் பார்க்கிறவன். உன்னை நம்பலாமா, ஆயிலை நம்பலாமா என்றால் நான் ஆயிலைத்தான் நம்புவேன்.

அந்த வண்டி மதுரைக்குப் போகவில்லை. எத்தனை மாதமாகப் போகவில்லை? அம்மாவின் கண் எப்படி இருக்கிறது?

ரஃபீக்


சலாலா
10 ஜனவரி 2025

அக்கா,

அயாஸ் உன் கையில் கடிதம் கொடுத்ததாகச் சொன்னான். அப்புறம் மூன்று முறை போன் செய்தேன். ஸ்பீக்கரில் அம்மா, "எனக்கென்னப்பா, நல்லா இருக்கேன், கண்ணு ஜம்முன்னு தெரியுது" என்றார்கள். பின்னால் நீ பாத்திரம் துலக்குவது கேட்டது. நீ வாயைத் திறக்கவில்லை.

கோபத்தில் எழுதியதைக் கிழித்துப் போடு. ஒரே ஒரு வரி எழுது.

ரஃபீக்


பேகம்பூர்
24 ஜனவரி 2025

ரஃபீக்,

நலம் விசாரித்து எழுதிப் பழகிய கை, இன்றைக்கு அதை எழுத வரவில்லை.

நீ லீவு முடிந்து போன பிறகு மதுரைக்குப் போகவே இல்லை. நீ கூட இருந்து போட்ட இரண்டு ஊசிதான். மூன்றாவது ஊசிக்குப் போகிற அன்று காலையில் அம்மா துப்பட்டியெல்லாம் போட்டுக்கொண்டு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். அதற்கு முந்தின நாள்தான் உன் மச்சான் முதல்முதலாகத் தோல் ஏற்றியிருந்தார். தார்ப்பாய் விரித்துத்தான் ஏற்றினார், ஆனாலும் கசிந்திருக்கிறது. கதவைச் சாத்தியதும் அந்த நாற்றம் குபீரென்று எழுந்தது. வெயிலில் வெந்த நாற்றம். அம்மாவுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "எனக்கு இன்னைக்குத் தலை சுத்துது மருமகனே, அடுத்த மாசம் போவோம்" என்று இறங்கிவிட்டார்கள். அடுத்த மாதம் முட்டி வலி. அதற்கடுத்த மாதம், கண்ணுதான் நல்லாயிருச்சே, எதுக்கு வீண் அலைச்சல்.

உள்ளே கூப்பிட்டுக் கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "உங்க அத்தா மேலயும் இதே வாடைதான். ஒருநாள் கூட நான் மூக்கைப் பொத்துனதில்ல. இந்த வாடையிலதான் உங்க ரெண்டு பேரையும் வளத்தோம். இப்ப மருமகன் வண்டில உக்காந்து நாறுதுன்னா, அவரு தொழில நான் காறித் துப்புன மாதிரி ஆவாதா? நீ மூச்சு விடக் கூடாது. என் மேல ஆணை" என்றார்கள். பஸ்ஸில் கூட்டிப் போகிறேன் என்றேன். வீட்டு வாசலில் கார் நிற்கும்போது பஸ்ஸில் போனால் மருமகன் ஏன் என்று கேட்பாராம். டாக்ஸியும் வேண்டாமாம், தெரு பேசுமாம்.

உன் மச்சானுக்கு இது எதுவும் தெரியாது. அம்மாவுக்கு உண்மையிலேயே குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த மனுஷனுக்கு அந்த வாடையே தெரிவதில்லை. அதிலேயே கிடந்து மூக்கு மரத்துப் போய்விட்டது. அவருக்கு ரோஷம் இருக்கிறதா என்று கேட்டாயே. அவருக்கு ரோஷம் வந்துவிடக் கூடாது என்றுதான் இங்கே இரண்டு பெண்பிள்ளைகள் வாயைத் தைத்துக்கொண்டு இருக்கிறோம்.

எனக்கு எல்லோர் மேலும் அருவருப்பாக இருக்கிறது. கதவைத் திறந்தால் வீச்சம் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே "அம்மா நலம்" என்று எழுதினேனே, என் மேல்தான் முதலில். அப்புறம் உன் மேல். உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்து மறுபடி படித்தேன். ஆயிலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். அம்மா சுவரைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று கண்ணால் கண்டுவிட்டு, ருக்ஸாரைப் போனைச் சரியாகப் பிடிக்கச் சொன்னாய்! அவள் சரியாகத்தான் பிடித்திருந்தாள்.

அம்மா இப்போது டம்ளரைத் தடவித்தான் எடுக்கிறார்கள். நான் கேட்டால் இருட்டாக இருக்கிறது, லைட்டைப் போடு என்கிறார்கள். லைட் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

அம்மா காலில் விழுந்து கெஞ்ச வேண்டுமா, ஆணையை மீற வேண்டுமா, நீயே சொல்.

மெஹராஜ்


சலாலா
3 பிப்ரவரி 2025

என் அக்காவுக்கு,

மச்சானிடம் இன்றைக்கே சொல்லிவிடு. ஆணையை மீறிய பாவம் என் தலையில் இருக்கட்டும். அவர் கோபித்தால் கோபிக்கட்டும், வண்டியை எரித்தாலும் எரிக்கட்டும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ.

சுவரைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அன்று அதை எழுதிவிட்டு நான் சிரித்தேன், அக்கா. என் முகத்தைப் பார்க்கவே எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

லீவு கேட்டிருக்கிறேன், ரமலானுக்கு முன்னால் தர மாட்டார்களாம்.

ரஃபீக்


பேகம்பூர்
21 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி ரஃபீக்குக்கு,

அக்காவின் ஸலாம். முதலில் அம்மாவின் நலம். அம்மாவுக்கு இடது கண் போய்விட்டது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலது கண்ணில் ஊசி போட்டிருக்கிறது. விடாமல் மாதாமாதம் வந்தால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாமாம். "ஏன் இம்புட்டு நாளு வரல" என்று நர்ஸ் கேட்டாள். நான் தரையைப் பார்த்தேன், உன் மச்சானும் தரையைப் பார்த்தார்.

அவரிடம் சொன்னதை எழுதுகிறேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். கையை உதறிவிட்டு எழுந்து போய், தன் சட்டையைக் கழற்றி மூக்கில் வைத்து மோந்து பார்த்தார். திரும்பத் திரும்ப மோந்து பார்த்தார். "எனக்கு ஒண்ணுமே தெரியலையே மெஹராஜ்" என்றார். எனக்கு அவரைப் பார்க்கவும் சகிக்கவில்லை, பாவமாகவும் இருந்தது.

மறுநாள் மண்டியை அடைத்துவிட்டு வண்டியோடு உட்கார்ந்தார். சீட்டையெல்லாம் கழற்றி வெளியே போட்டார். அடியில் உப்பு பாளமாகப் படிந்திருந்தது, அதற்குள் புழு. ஆளை வைத்துக் கழுவலாம் என்றேன், கேட்கவில்லை. வாயைக் கட்டிக்கொள்ளாமல் கையாலேயே சுரண்டினார். ஷாம்பு, எலுமிச்சை, அத்தர், சாம்பிராணி எல்லாம் போட்டு மூன்று நாள் வெயிலில் காய வைத்தார். அன்புமணி காற்றுவழியைச் சுத்தம் செய்து, நீ சொன்ன அதே ஆயிலைப் புதிதாக ஊற்றிக் கொடுத்தார். தோல் ஏற்ற இனி வாடகைக்குக் குட்டியானை வண்டி பிடித்துக்கொள்வாராம். அம்மாவிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. மதுரைக்குப் போவோம் என்று உன் மச்சான் பிடிவாதமாக நின்றார். அம்மாவால் மறுக்க முடியவில்லை.

நேற்றுக் காலையில் வண்டியை வாசலோடு ஒட்டி நிறுத்தினார். நல்ல வெயில், வெள்ளை வண்டி பளபளவென்று நிற்கிறது. பின்கதவைத் திறந்து பிடித்தபடி அவர் நிற்கிறார். அம்மா துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் தோளைப் பிடித்துப் படியிறங்கி வந்தார்கள். வண்டிக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றார்கள். கை நீட்டினால் கதவைத் தொடலாம். மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்கள். தெருக்கோடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்கள்:

"ஏம்மா, மருமகன் இன்னும் வண்டியக் கொண்டாரலையா?"

உன் மச்சான் கதவை விடாமல் அவர்கள் பக்கம் குனிந்தார். "இங்கனதான் நிக்கிறேன் மாமி" என்றார்.

அம்மா கையை நீட்டித் துழாவினார்கள். விரலில் கதவு தட்டுப்பட்டது.

"வாடை இல்லியா, அதான் வண்டி நிக்கிறது தெரியல" என்றார்கள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது போல. சட்டென்று துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மதுரை வரைக்கும் கண்ணாடியை இறக்கிவிட்டு அம்மா முகத்தை வெளியே வைத்துக்கொண்டார்கள். உன் மச்சான் கொடைரோடு தாண்டும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார்.

வீடு திரும்பி, என்ஜின் ஆறியதும் ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன். நீ சொன்னது சரிதான், ஆடையே இல்லை, துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தத்தைப் பார்க்கத்தான் எனக்குக் குமட்டியது. ஒரே ஒரு தடவை மதுரை போய் வந்ததற்கே இவ்வளவு.

அடுத்த ஊசி மார்ச் மாதம். நோன்பு காலம், ஆனாலும் போவோம். நீ உடம்பைப் பார்த்துக்கொள். அம்மா துஆ சொன்னார்கள்.

உன் அக்கா,
மெஹராஜ்